பச்சை முட்டையும் சிவப்புச் சோறும்

போன சனிக்கிழமை ஈப்போவில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். பெற்ற மகளே சிரித்துவிட்டாள் — முதலில் நன்றாக முறைத்துவிட்டு.

மேசைக்கு நடுவில் ஓர் அடுப்பு. அதன்மேல் கன்னங்கரேலென்று ஓர் இரும்புச் சட்டி. அது சூடேறுவதற்குள் கடைக்காரப் பெண் வந்து, ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தை எங்கள் முன்னால் வைத்தாள். உள்ளே உடைத்து ஊற்றிய பச்சை முட்டை. மஞ்சள் கரு கலையாமல், பளபளவென்று...

நான் யோசிக்கவே இல்லை. இடது கையால் மூக்கைப் பிடித்தேன். வலது கையால் கிண்ணத்தைத் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு!

கண்ணைத் திறந்தால், என் வீட்டுக்காரரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டையை விழுங்கிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து, நான் இடது பக்கம் போகச் சொன்னால் வலது பக்கம் போகிற மனிதர். இங்கே எதை எப்படிச் சாப்பிடுவதென்று தெரியாமல், அன்றைக்குப் பார்த்து என்னைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

“ம்மா!” என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. “அது குடிக்கிறதுக்கு இல்லலா. தொட்டுக்கிறதுக்கு!”

முட்டையைத் தொட்டுக்கொள்வதா? எதற்குத் தொட்டுக்கொள்வது? சட்டியில் இன்னும் ஒன்றுமே போடவில்லையே!

எதிரே உட்கார்ந்திருந்த ஜப்பான்காரம்மாவின் கையில் நீளமான இரண்டு குச்சிகள் இருந்தன. அவை அப்படியே அந்தரத்தில் நின்றன.

எனக்கு வந்தது வெட்கமா குமட்டலா என்று இன்றுவரை தெரியவில்லை. வெறும் சாப்பாடு என்றால் சிரித்து மழுப்பியிருப்பேன். ஆனால் அன்றைக்கு நாங்கள் அங்கே போனது சாப்பிடுவதற்காக மட்டும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் தர்ஷினியைப் பற்றி இந்தப் பத்தியில் அடிக்கடி பீற்றிக்கொள்வேன் என்று உங்களில் சிலர் குறைபட்டதுண்டு. இன்றைக்கும் அதே கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். காம்பாரில் பொறியியல் படித்தாள். இப்போது ஈப்போவுக்கு வெளியே ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை. அங்கே ஓடுகிற மிஷின் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. (வீட்டில் வாஷிங் மிஷின் நின்றால் மட்டும் ஆள் கிடைக்க மாட்டாள்.) அந்தக் கம்பெனி அவளை ஒசாகாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அதன் பெரிய தொழிற்சாலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு வருடப் பயிற்சி. முடித்துவிட்டுத் திரும்பினால் இங்கே ஒரு பிரிவுக்கே அவள்தான் தலைமை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. புந்தோங் சந்தையில் கீரை விற்கிற அக்காவிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு கட்டு கீரையைக் கூடப் போட்டுக் கொடுத்தார்.

அவள் அப்பா சொன்னது ஒரே சொல். “வேணாம்.”

என் வீட்டுக்காரர் குணசேகரன் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தத் தோட்டம் இப்போது எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம். ஆள் அதிகம் பேச மாட்டார். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் பேசுவதைக் காலையிலும் மதியமும் கேட்கிறவருக்கு வேறு என்ன பேச்சு வரும்? ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

“அங்க அவளுக்கு யாரு இருக்கா?” இதுதான் அவர் கேள்வி.

சம்பளம் கூடும் என்றேன். “யாரு இருக்கா?” தங்குவதற்குக் கம்பெனியே வீடு கொடுக்கிறது என்றேன். “காய்ச்சல் தலவலின்னு படுத்தா யாரு இருக்கா?” இப்போதெல்லாம் போனிலேயே முகத்தைப் பார்க்கலாமே என்றேன். “போனு கஞ்சி வச்சிக் குடுக்குமா?”

ஒரு நாள் மடக்கிவிடலாம் என்று நினைத்தேன். “உங்க தாத்தாவுக்கு இங்க யாரு இருந்தா? அவரு தனியாத்தான கப்பல் ஏறி வந்தாரு?”

“வந்தாரு. திரும்பிப் போனாரா?”

எங்கள் இரண்டு குடும்பத்திலும் கடல் தாண்டியவர்கள் யாரும் திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. அவருடைய பயம் அங்கேதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சரி, இருபத்தாறு வயதுப் பெண். படித்தவள், சம்பாதிக்கிறவள். “நீ கெளம்பு. அப்பா அப்பறமா சரியாயிடுவாரு” என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டாளா?

“அப்பா வாயால சரின்னு சொல்லாம நான் போவ மாட்டேம்மா. மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வருவாரு. அந்த மொகத்த நெனச்சிக்கிட்டு நான் ரெண்டு வருசம் அங்க எப்படி இருப்பேன்?”

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. திங்கட்கிழமை அவள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். தவறினால் வாய்ப்பு வேறு ஒருவருக்குப் போய்விடும்.

இந்த இழுபறியில்தான் அவளுடைய மேலதிகாரி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அதே ஜப்பான்காரம்மாதான். பெயர் ஒகாவா. தொழிற்சாலையில் எல்லாருக்கும் மரியாதையாக ஒகாவா சான். என் வயதுதான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒசாகாவிலிருந்து ஈப்போவுக்கு வந்தவர், இப்போது திரும்பிப் போகிறார். தர்ஷினி போனால் அங்கேயும் அவருக்குக் கீழேதான் வேலை. மகளைப் பெற்றவர்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அவராகவே சொன்னாராம்.

“மாடு போடுவாங்க” என்றார் வீட்டுக்காரர்.

“இல்லப்பா. நாம மாடு சாப்பிட மாட்டோம்னு நான் முன்னயே சொல்லிட்டேன். கோழிதான்.”

“பச்ச மீனு?”

“அதுவும் இல்ல. எல்லாமே சட்டில வேவும்ப்பா. நம்ம கண்ணு முன்னாலயே வேவும். பேரு சுக்கியாக்கி.”

நாமே உட்கார்ந்து வேகவைத்துச் சாப்பிடுவதற்குக் கடைக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்கிறீர்களா? நானும் அதையேதான் கேட்டேன். வீட்டுக்காரர் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு வருவதற்குத்தான் அந்தச் சட்டை என்று எனக்குத் தெரியும்.

இப்போது முட்டைக்கு வருகிறேன். பெண் வாசகர்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். பச்சை முட்டையைக் கண்டால் நம் கை ஏன் தானாக மூக்குக்குப் போகிறது?

நான் வயதுக்கு வந்தது பாகான் டத்தோ பக்கம், ஒரு தென்னந்தோட்டத்தில். மறுநாள் விடிந்ததும் எங்கள் அத்தை வந்து நின்றார். ஒரு கையில் முட்டை, மறு கையில் நல்லெண்ணெய்ப் போத்தல். “மூக்கப் புடி! வாயத் தொற! முழுங்கு!” முட்டை உள்ளே போனதும், அதே முட்டை ஓட்டில் நல்லெண்ணெயை ஊற்றி அதுவும் உள்ளே. இடுப்புக்குப் பலமாம். எதற்கு அத்தை என்று கேட்க வாயைத் திறந்தால், திறந்த வாய்க்குள் இன்னொரு முட்டை போய்விடும். தினமும் காலையில் இதே கூத்து. அப்படிப் பழகிய கை இத்தனை வருடம் கழித்து ஒரு ஜப்பான் கடையில் சும்மா இருக்குமா?

இதை யாரிடம் சொல்வது? வாயைத் துடைத்துக்கொண்டு ஓர் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். வீட்டுக்காரர் கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு மெதுவாக, “கிச்சாப் இருக்கா?” என்று மலாயில் கேட்டார். காப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டைக்குக் கிச்சாப் என்கிற சோயா சாறும் மிளகுத்தூளும் போட்டு உறிஞ்சுகிற பழக்கம். முழுசாகக் குடித்து முடித்த பிறகு கிச்சாப் எதற்கு? வயிற்றில் ஊற்றிக் கலக்கவா?

ஒகாவா சான் சிரிக்கவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை. கடைக்காரப் பெண்ணிடம் இரண்டு விரலைக் காட்டி, வேறு முட்டை கொண்டுவரச் சொன்னார். பிறகு சட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பொறுப்பு என்றால் சாதாரணப் பொறுப்பு இல்லை. ஆட்சியைப் பிடித்துவிட்டார்!

கோழிக் கொழுப்பைச் சட்டி முழுக்கத் தேய்த்தார். தடித்த வெங்காயத்தாளைப் போட்டார். மெல்லிசாகச் சீவிய கோழித் துண்டுகளைப் பரப்பினார். அதன்மேல் ஒரு கை சீனி.

“கோழிக்குச் சீனியா?” என்றார் வீட்டுக்காரர் என் காதில்.

“சும்மா இருங்க.”

சீனி உருகும்போது சோயா சாற்றை ஊற்றினார். சொய்ங்ங்... என்று ஒரு சத்தம். கூடவே ஒரு வாசனை. வீட்டுக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து தௌஃபூ, காளான், சீன முட்டைக்கோஸ், கண்ணாடி போன்ற ஒரு சேமியா. ஒவ்வொன்றுக்கும் சட்டியில் ஒவ்வொரு மூலை. ஒன்று இன்னொன்றின் எல்லைக்குள் போகக் கூடாது. நான் சும்மா இருக்க முடியாமல் கோஸ் தட்டைத் தூக்கி அப்படியே கவிழ்க்கப் போனேன். நம் வீட்டுக் குழம்பு அப்படித்தானே? எல்லாவற்றையும் கொட்டி, மூடி போட்டு, வேறு வேலையைப் பார்ப்போம். ஒகாவா சானின் குச்சிகள் குறுக்கே வந்தன. மெல்ல, மெல்ல என்று மலாயில் சொன்னார்.

“ஜப்பான்ல இந்த மாதிரி சாப்பாட்டுல ஒரே ஆளு சட்டிய வச்சிக்கிட்டு அதிகாரம் பண்ணுவாங்கம்மா. வேற யாரும் தொட முடியாது” என்றாள் தர்ஷினி. “அவங்களுக்குன்னு ஒரு பேரே இருக்கு. சட்டி நாட்டாமைன்னு வச்சிக்கயேன்.”

நம் கல்யாணப் பந்திகளில் வாளியும் கரண்டியுமாக நின்றுகொண்டு, “அந்த இலைக்குப் போடு, இந்த இலையைப் பாரு” என்று சத்தம் போடுகிற மாமாக்கள் கண்முன் வந்தார்கள். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கோழி வெந்ததும் முதல் துண்டு என் கிண்ணத்துக்கு வந்தது. இரண்டாவது வீட்டுக்காரருக்கு. மூன்றாவது தர்ஷினிக்கு. நாங்கள் வாயில் வைக்கிறவரை ஒகாவா சான் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இது எனக்குப் பிடித்திருந்தது.

முட்டையை அடித்துக் கலக்கி, சுடச்சுட அந்தக் கோழியை அதில் முக்கி எடுத்து... சும்மா சொல்லக் கூடாது. ஈப்போக்காரிக்குச் சாப்பாட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்கிற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. அது அன்றைக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது. முதலில் இனிப்பு, பிறகு உப்பு, பிறகு முட்டை எல்லாவற்றையும் சேர்த்து வழவழவென்று உள்ளே அனுப்பிவிடுகிறது. மேசையில் மிளகாய் மட்டும் பேருக்குக்கூட இல்லை. என் கைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மகள் ஜப்பானுக்கு அன்றைக்கே நடந்து போயிருப்பாள்.

குச்சியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முட்கரண்டி வேண்டுமா என்று கடைக்காரப் பெண் கேட்டாள். வீட்டுக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழுக்குகிற தௌஃபூவைக் குச்சியாலேயே உடையாமல் தூக்கிக் காட்டினார். சிறு வயதிலிருந்து சீனர் கடையில் மீ நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒகாவா சான் “ஓ!” என்று கை தட்டினார். வீட்டுக்காரருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் சட்டை மாதிரியே முகமும் விறைப்பாகத்தான் இருந்தது.

இரண்டாவது சுற்றுக் கோழி வேகும்போது ஒகாவா சான் கேட்டார். அவர் பேசுவது ஆங்கிலமும் மலாயும் கலந்த ஒரு பாஷை. நான் தமிழில் தருகிறேன்.

“தவறாக நினைக்கக் கூடாது. முட்டையைக் குடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஏன் மூக்கைப் பிடித்தீர்கள்?”

நான் தர்ஷினியைப் பார்த்தேன்.

இந்த விஷயத்தில் நம் ஆட்கள் விசித்திரமானவர்கள். மண்டபம் பிடிப்போம், பத்திரிகை அடிப்போம், ஊரைக் கூட்டி மஞ்சள் நீர் ஊற்றுவோம். ஆனால் அப்பாவும் மகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். தர்ஷினி, “மண்டபம் கிண்டபம்னா நான் பள்ளிக்கூடத்துலயே படுத்துக்குவேன்” என்று மிரட்டியதால் நாங்கள் விழா வைக்கவில்லை. முட்டையிலிருந்து மட்டும் அவளால் தப்ப முடியவில்லை. அவளுக்கு அத்தை வேலையைப் பார்த்தது நான்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். குச்சியைக் கீழே வைத்தாள். பிறகு நிறுத்தி நிதானமாக, ஆங்கிலத்தில், எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு பெண் வயதுக்கு வந்தால் எங்கள் வீடுகளில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பார்கள், என் அம்மா குடித்தார், எனக்கும் கொடுத்தார், நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தேன்... மிஷின் ஏன் நின்றது என்று விளக்குகிற அதே குரல். நானாக இருந்தால், “அது வந்து... எங்க வழக்கம்...” என்று இழுத்திருப்பேன். அவளிடம் ஒரு கூச்சமும் இல்லை. எனக்கு அங்கேயே பெருமை தொடங்கிவிட்டது.

அவள் அப்பா மட்டும் மேலே ஏர்கண்டிஷன் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

ஒகாவா சான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

“எங்களுக்குச் சிவப்புச் சோறு” என்றார்.

அவர்கள் ஊரிலும் அப்படி ஒரு வழக்கம் இருந்ததாம். வீட்டில் பெண் வயதுக்கு வந்தால் அம்மா சிவப்புப் பயறு போட்டுச் சோறு சமைப்பார். சோறும் சிவந்துவிடும். யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

“என் தம்பிக்கு மட்டும் தெரியாது. ‘இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ‘வாயை மூடிக்கொண்டு சாப்பிடு’ என்றார் அம்மா. எனக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல் இருந்தது.”

“உங்க அப்பா?” என்று கேட்டேன்.

“அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இரண்டாவது முறை சோறு வாங்கினார். வழக்கமாக வாங்க மாட்டார்.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தர்ஷினியும் பார்த்தாள். ஏர்கண்டிஷனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்! அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! நால்வரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக் குடும்பம் திரும்பிப் பார்த்தது.

சிரித்து முடித்ததும் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

“மேடம். தட் எக்... ஐ பை.”

எங்களுக்கே புரியவில்லை. எந்த முட்டை?

“பாப்பாவுக்கு அப்போ குடுத்த முட்டைலா” என்றார் தமிழில். “நான்தான் வாங்கியாந்தேன். பீடோர் வரைக்கும் போயி. கம்போங் கோழி முட்டை, நாட்டுக்கோழி.”

“நீங்களாப்பா?” என்றாள் தர்ஷினி.

“பின்ன? உங்கம்மா முட்டை வாங்கியாங்கன்னா. டவுன் முட்டையில என்னா சத்து இருக்கு? பிள்ளைங்கள எறக்கிவிட்டுட்டு பஸ்ஸ அப்படியே திருப்பிட்டேன். எங்க தோட்டத்துப் பக்கம் ஒருத்தர் கோழி வளர்த்தாரு. ஒரு தட்டு முட்டை. சீட்டுல வச்சி பெல்ட்டு மாட்டி, மெதுவா ஓட்டிக்கிட்டு வாரேன். பின்னால லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். அடிச்சிக்கடான்னு விட்டுட்டேன்.”

அவ்வளவு பெரிய பஸ்ஸில் ஒரே ஒரு தட்டு முட்டை! எனக்கே இது தெரியாது. சந்தையில் வாங்கினார் என்றுதான் நினைத்திருந்தேன். தர்ஷினி இதை ஒகாவா சானுக்குச் சொல்லும்போது நடுவில் தண்ணீர் குடித்தாள்.

இப்படி வாய் திறந்த மனிதர், மனதில் இருந்ததையும் கேட்டுவிட்டார். மலாயில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

“மேடம், நீங்க தனியாத்தானே இங்க வந்தீங்க? உங்களுக்கு இந்த ஊர்ல யாரு இருந்தா?”

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். இதற்கு மட்டும் ஒகாவா சான், ‘கம்பெனி இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்று பதில் சொன்னால் கதை முடிந்தது.

ஒகாவா சான் குச்சிகளைக் கீழே வைத்தார். அடுப்பைக் குறைத்தார். பிறகு உள்ளங்கையை விரித்து, எங்கள் மகளைக் காட்டினார்.

“இவள் இருந்தாள்.”

எங்களுக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். ஈப்போவுக்கு வந்த புதிதில் அவருக்குக் கடுமையான காய்ச்சல். தனி வீடு. உடம்பு சரியில்லை என்று யாரிடமும் சொல்லக் கூச்சம். இருமிக்கொண்டே போனில் லீவு மட்டும் சொல்லியிருக்கிறார். அது தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. மாலையில் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால், தொழிற்சாலையில் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்த ஒரு தமிழ்ப் பெண் ஒரு ஃபிளாஸ்க்கோடு நிற்கிறாள்.

“அப்போது அவள் என் பிரிவிலேயே இல்லை. பேர்கூட எனக்குத் தெரியாது. கறுப்பாக ஒரு சூப். ஒரே மிளகு! குடித்தேன். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், காதிலும் வந்திருக்கும். கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். காய்ச்சல் விடும்வரை தினமும் வந்தாள். என் துணிகளைக்கூடத் துவைத்துப் போட்டாள். ஏன் இதெல்லாம் செய்கிறாய் என்று கேட்டேன். ‘உங்களுக்கு இங்கே யாரும் இல்லையே’ என்றாள்.”

வீட்டுக்காரர் மகள் பக்கம் திரும்பினார். “யாரு வச்ச ரசம்?”

“நான்தாம்ப்பா.”

“அந்த வாரம் பூரா ஓவர்டைம்னு சொன்னியே?”

“அதாம்ப்பா ஓவர்டைம்.”

எங்கள் வீட்டு ஃபிளாஸ்க் ஒரு வாரம் காணாமல் போன மர்மமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. புளி கரைக்கவே சோம்பல்படுகிற பெண்! யாருக்கும் சொல்லாமல் ரசம் வைத்திருக்கிறாள், ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காகக் கதவைத் தட்டியிருக்கிறாள், வீட்டுக்கு வந்து ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கிறாள். பட்டம் வாங்கியபோது பெருமைப்பட்டேன். முதல் சம்பளத்தில் எனக்குப் புடவை எடுத்தபோது பெருமைப்பட்டேன். அதெல்லாம் இதன் பக்கத்தில் வர முடியாது. நெஞ்சு நிறைந்துவிட்டது. பேச வாய் வரவில்லை — எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நாம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம். போகிற இடத்தில் நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? நியாயமான கேள்விதான், பெற்ற வயிறு கேட்கத்தான் செய்யும். நம் பிள்ளை யாருக்கு இருக்கிறாள் என்று மட்டும் நாம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் இத்தனை மாதம் எங்கள் வீட்டில் இந்த இழுபறியே வந்திருக்காது.

சட்டியில் சாறு வற்றி, சேமியா அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான்தான் கை நீட்டி அடுப்பை அணைத்தேன். சட்டி நாட்டாமை அதைக்கூடக் கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் தன் டீயை முழுசாகக் குடித்தார். வாயைத் துடைத்தார். சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மேடம்” என்றார். இந்த முறை ஆங்கிலம். முக்கியமான விஷயத்துக்கு அவர் ஆங்கிலம்தான் பேசுவார். “மை டாட்டர்... வெரி ஸ்டபர்ன். மார்னிங் நோ ஈட். நைட் லேட் ஸ்லீப். கோல்ட் ஆல்சோ, நோ ஜாக்கெட். ஐ டெல், நோ லிசன்.”

ஒகாவா சான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆமாம், எனக்கும் தெரியும் என்கிற மாதிரி.

“ஓவர் தேர்...” என்று நிறுத்தினார். “ஓவர் தேர், யூ ஸ்கோல்ட் ஹெர். கேன்.”

தர்ஷினி, “ப்பா...” என்றாள்.

“என்னா அப்பா? அந்தம்மா திட்டுனா எதுத்துப் பேசாத. சொன்னாக் கேளு.”

அவ்வளவுதான் அவர் சொன்ன சரி. ஒகாவா சான் எழுந்து நின்று, இடுப்பு வளைய அவருக்குக் குனிந்து வணங்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் இவரும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சட்டிப் பொகைலா” என்றாள். அடுப்பை நான் முன்பே அணைத்திருந்தேன்.

‘திட்டுங்கள்’ என்று சொன்னது ஒரு பெரிய சம்மதமா என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. “எம் புள்ளைய ஒண்ணும் சொல்லாத” என்று இருபத்தாறு வருடமாக, பெற்ற என்னையே அவளை ஒரு வார்த்தை திட்ட விடாத மனிதர் அவர்!